பேர் சொல்லாதது

(சேர்வராயன் மலையில் உள்ள கொட்டச்சேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூலிகைப் பெயர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். இந்த மலையில் நின்றுகொண்டு அதைப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நீங்கள் செடியைத் தொட்டு, கசக்கி, முகர்ந்து அறிந்தவர்கள். நான் பெரும்பாலும் அகராதி வழியாகச் செடியிடம் போய்ச் சேர்ந்தவன். ஆகவே நூறு மூலிகையை அடுக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்றின் பெயரை, குறிப்பாகப் பொழுது சாய்ந்த பிறகு, சொல்லவே கூடாது என்பது நம் பாட்டிமார் போட்ட சட்டம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜார்ப் பக்கமோ நாட்டு மருந்துக் கடையில் நிற்கும் வயதான அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அப்படியே பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க தம்பி” என்பார்கள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். கொடுப்பது வசம்பு. நான் சொல்லிவிட்டேன், பொழுது இன்னும் சாயவில்லை என்கிற தைரியம்தான்.

சேற்றிலும் நீர் தேங்கும் ஓரங்களிலும் வளரும் செடி அது. இலை வாள்போல நீண்டு நிமிர்ந்து நிற்கும். கசக்கினால் வாசம் மூக்கில் ஏறும். பூ இருக்கிறதே, இலையின் பக்கவாட்டிலிருந்து ஒரு விரல் முளைத்ததுபோலத் தெரியும். தெரியாதவர்கள் அதைப் பூ என்றே நினைக்கமாட்டார்கள். நமக்கு வேண்டியது சேற்றுக்குள் படுத்துக்கொண்டு கணுக்கணுவாக ஓடும் தண்டு. வேர் என்று சொல்லி விற்றாலும் அது கிழங்குத் தண்டுதான். நெல், தென்னை, வாழை, புல், ஏற்காட்டுத் தாவரவியல் தோட்டத்தில் காக்கிறார்களே அந்த ஆர்க்கிட்டுகள், இவை எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள். அந்தப் பெருங்குடும்பம் கிளை பிரிந்தபோது முதலில் தனியாகப் போன கிளை வசம்பினுடையது என்று இன்றைய மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. குடும்பத்தில் மூத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வசம்பு என்ற சொல்லைத் தவிர்ப்பவர்கள் வேறு பெயர்களைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பான் என்பார்கள், பிள்ளை மருந்து என்பார்கள். விளக்குச் சுடரில் சுட்டுக் கரியாக்கி, குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவுவது, கல்லில் உரைத்து நாக்கில் வைப்பது, துண்டு துண்டாகக் கோத்துக் கையில் வளையலாகக் கட்டுவது என்று பிறந்த வீட்டில் அதற்கு வேலை நிறைய. இத்தனை செய்யும் பொருளின் பெயரைச் சொன்னால் அதன் வலு போய்விடும் என்பது நம்பிக்கை. இது வசம்புக்கு மட்டும் உள்ள மரியாதை அல்ல. இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டோம், பூச்சி என்போம். வைசூரி வந்த வீட்டில் நோயின் பெயரைச் சொல்லாமல் அம்மை என்றோம், அந்த மாற்றுப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. ரஷ்யர்கள் கரடியைத் தேனுண்ணி என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். கரடிக்கு அவர்கள் முன்னோர் வைத்திருந்த சொந்தப் பெயர் பயத்திலேயே வழக்கொழிந்துபோயிற்று. கெட்டதின் பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். நல்லதின் பெயரைச் சொன்னால் போய்விடும் என்று பயம். வசம்பு இரண்டாவது வரிசை.

இப்போது வடமொழிப் பக்கம் வாருங்கள். அங்கே இதன் பெயர் வசா. வாக்கு, வசனம் எல்லாம் பிறக்கிற வேரோடு சேர்த்துத்தான் ஆயுர்வேதக்காரர்கள் இதற்குப் பொருள் சொல்கிறார்கள்: பேச்சைத் தருவது. குழந்தைக்கு நாக்குத் திருந்த, திக்குவாய் சரியாக, பாடுபவருக்குக் குரல் தெளிய இதைக் கொடுக்கச் சொன்ன மரபு அது. அந்த மரபின் நூலான சரக சம்ஹிதை மருந்துகளை வேலையின்படி கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிறது. அதில் சஞ்ஞாஸ்தாபனம் என்ற கூட்டத்தில், அதாவது மயங்கியவருக்கு நினைவைத் திரும்ப நிறுத்துகிற மருந்துகளோடு, வசாவும் இருக்கிறது. சஞ்ஞை என்ற வடசொல்லுக்கு நினைவு என்றும் பொருள், பெயர் என்றும் பொருள். ஒரே செடி. ஒரு மொழி அதைப் பேச்சு என்கிறது, இன்னொரு மொழி பேசாதே என்கிறது. இரண்டும் ஒரே தொட்டிலைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

வசாவிலிருந்துதான் வசம்பு வந்தது என்று பலர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் சொல் தமிழுக்கு வந்தால் ஐகாரமாக முடிவது வழக்கம். மாலா மாலை ஆகும், கங்கா கங்கை ஆகும், சீதா சீதை ஆகும். அந்தக் கணக்கில் வசா நம்மிடம் வசை ஆகியிருக்க வேண்டும். பிள்ளை மருந்துக்கு வசை என்று பெயர் வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? இந்த ‘அம்பு’ என்ற வால் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கட்சியில் பதில் இல்லை. மலையாளத்தில் இது வயம்பு. தமிழில் ச, அங்கே ய. இதற்கு இலக்கணப் புத்தகம் புரட்ட வேண்டாம். நம் வீட்டுப் பேச்சே போதும். உயிரை உசுரு என்கிறோம், முயலை முசல் என்கிறோம், உயரத்தை உசரம் என்கிறோம். வயம்பும் வசம்பும் அதே இரட்டைதான். கன்னடத்தில் பஜே, தெலுங்கில் வச. தெற்கே இருந்த ஒரு பழஞ்சொல்லைச் சம்ஸ்கிருதம் எடுத்துத் தன் வாக்கோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது என்பதே என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் இடம் உண்டு, வாதிடலாம். ஆனால் பேச்சைத் தருவதால் வசா என்ற விளக்கம், பெயர் வந்த பிறகு கற்பித்த விளக்கம்போல எனக்குத் தோன்றுகிறது.

வடமொழியில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. உக்ரகந்தா என்றால் கடுமணம் உடையது. ஷட்க்ரந்தா என்றால் ஆறு கணு உடையது. இவை முகர்ந்து பார்த்தவரும் எண்ணிப் பார்த்தவரும் வைத்த பெயர்கள். இந்தியில் பச். நம் அண்டை இலங்கையில் சிங்களவர் வதகஹ என்கிறார்கள்; கஹ என்றால் மஞ்சள். மலாய்க்காரர் ஜெராங்காவ் என்கிறார்கள்.

வசா மேற்கே போனது. அரபியில் வஜ் ஆனது. இப்னு சினாவின் மருத்துவ நூலில் அந்தப் பெயரோடு இருக்கிறது. அப்படிப் போனது யூனானி மருத்துவத்தின் தோளில் ஏறித் திரும்ப நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? வஜ் துர்க்கி, அதாவது துருக்கி வசம்பு! தன் பிள்ளையையே அசலூர்க்காரன் என்று பட்டம் கட்டி வரவேற்ற கதை. 1563இல் கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் இந்திய மருந்துகளைப் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். இரண்டு பேர் உட்கார்ந்து உரையாடுவதுபோல எழுதிய புத்தகம். வசம்புக்கும் அதில் ஓர் உரையாடல் உண்டு. குஜராத்தில் என்ன பெயர், தக்காணத்தில் என்ன, மலபாரில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். பிறகு டச்சுக்காரர் வான் ரீட் கொச்சியில் ஆளுநராக இருந்து தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் சொல்லச் சொல்லச் சேர்ந்த அறிவு அது. அதன் 11ஆம் தொகுதியில் வயம்பு படத்தோடு இருக்கிறது. படம் ஏன் முக்கியம் என்றால், ஐரோப்பாவில் உட்கார்ந்து செடிக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தியச் செடியைப் பெரும்பாலும் படத்தில்தான் பார்த்தார்கள்.

இங்கே கொஞ்சம் விலகிச் சொல்ல வேண்டும். பெயர் இப்படிக் கைமாறுவது உங்கள் மலையிலும் நடந்திருக்கிறது. சேர்வராயன் உங்கள் சாமி. வெள்ளைக்காரர் வாயில் அது ஷெவராய் ஆயிற்று. சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள், இந்த மலைக்கே உரிய ஒரு மரத்துக்கு வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று பெயர் வைத்தார். சாமி பெயர் மலைக்கும், மலைப் பெயர் மரத்துக்கும் போய், லத்தீன் விகுதியும் ஒட்டிக்கொண்டது. உங்கள் இனத்தின் பெயரையே பாருங்கள். மலையாளி என்றால் சென்னையில் உடனே கேரளமா என்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று உங்கள் முன்னோர் சொல்லிவந்த கதை, பெயரை மட்டும் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மறுபடி வசம்பைப் பின்தொடர்ந்து கிரேக்கத்துக்குப் போவோம். தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் வசம்புக்கு அக்கோரஸ் கலமஸ் என்று பெயர் வைத்தார். இரண்டு சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. முதல் சொல்லான அகோரோனை முதல் நூற்றாண்டு மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் எழுதியிருக்கிறார். அதற்குச் சொல்லப்படும் பொருள், கோரே சம்பந்தமான நோயைப் போக்குவது. கோரே என்றால் சிறு பெண். கண்ணின் கருமணிக்கும் அதே சொல். எதிரே நிற்பவரின் உருவம் கருவிழியில் சின்னப் பொம்மைபோலத் தெரிகிறதல்லவா, அதனால். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் கண்பாவை என்கிறோம். பாவை என்றால் பொம்மை, பெண், கண்மணி மூன்றும். லத்தீனிலும் இப்படி, வடமொழிக் கனீனிகாவும் இப்படி. பாப்பாவுக்குக் கொடுக்கும் மருந்து நமக்கு, பாவைக்குப் போடும் மருந்து அவர்களுக்கு.

ஆனால் டயோஸ்கோரிடீஸ் சொன்ன அகோரோன் நம் வசம்புதானா? குளத்தோரம் மஞ்சள் பூப் பூக்கும் ஐரிஸ் செடியாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இரண்டுக்கும் இலை ஒரே மாதிரி வாள் வடிவம். அப்படியானால் நடந்திருப்பது பெரிய அநியாயம். அந்த ஐரிஸுக்குத் தாவரவியல் வைத்திருக்கும் பெயர் ஐரிஸ் சூடகோரஸ், அதாவது போலி அகோரஸ். வீட்டுக்காரரைப் போலி என்று எழுதி வாசலில் ஒட்டிவிட்டு, குடிவந்தவர் பெயரில் பட்டா போட்டாயிற்று.

இரண்டாவது சொல் கலமஸ், கிரேக்கத்தில் நாணல். அரபியில் கலம், எழுதுகோல். இந்தியிலும் உருதுவிலும் அதுவே. நாணலைச் சீவி எழுதிய காலத்துப் பெயர். நாணலோடு வசம்புக்கு நெருங்கிய உறவு கிடையாது, அண்டை வீட்டுக்காரர் அவ்வளவுதான்.

இந்த நாணல் கதை பைபிளுக்கும் போகிறது. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் மோசேக்கு அபிஷேகத் தைலம் செய்யும் முறை சொல்லப்படுகிறது. வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, அடுத்து 250 சேக்கல் எடையில் எபிரேயத்தில் கானே போஸெம், வாசனை நாணல். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கலமோஸ் ஆயிற்று, ஆங்கிலத்தில் கலமஸ் ஆயிற்று, நம் தமிழ் வேதாகமத்தில் சுகந்த வசம்பு ஆயிற்று. எபிரேயர் சொன்னது எலுமிச்சைப் புல் வகையைச் சேர்ந்த ஏதோ வாசனைப் புல்லாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வசம்பின் காட்டமான நெடியை அறிந்த ஏற்காட்டுக் கிறிஸ்தவர் யாராவது அந்த வசனத்தைப் படிக்கும்போது ஒரு நொடி தயங்கியிருக்கக்கூடும். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பெயரைப் பின்தொடர்ந்தார்கள். பெயர் வழியில் எங்கோ செடியை மாற்றிக்கொண்டது. அந்தக் கானே இருக்கிறதே, அதன் உறவில்தான் கிரேக்கக் கன்னா வந்தது, அதிலிருந்து கரும்புக்கு ஆங்கிலேயன் சொல்லும் கேன், வாய்க்காலுக்குச் சொல்லும் கெனால், பீரங்கிக்குச் சொல்லும் கேனன் எல்லாம் வந்தன. உள்ளே துளையுள்ள தண்டு எத்தனை வேடம் போடுகிறது பாருங்கள்.

ஐரோப்பாவுக்கு வசம்பு உயிரோடு போய்ச் சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். குளூசியஸ் என்ற தாவர அறிஞர் 1574இல் வியன்னாவில் சின்ன ஆசியாவிலிருந்து வந்த கிழங்கை நட்டார், நண்பர்களுக்கும் பங்கு அனுப்பினார். போலந்துக்காரர்கள் இதைத் ததாராக் என்கிறார்கள், தாத்தாரியப் பூண்டு. படையெடுத்து வந்த தாத்தாரியர் குதிரைக்குத் தண்ணீர் நல்லதா என்று பார்க்கக் குளம்தோறும் இதை நட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அரபிக்கு இது இந்தியாவிலிருந்து வந்தது, இந்தியாவுக்குத் துருக்கியிலிருந்து, போலந்துக்குத் தாத்தாரியத்திலிருந்து. யாரைக் கேட்டாலும் பக்கத்து ஊரைக் கை காட்டுகிறார்கள். ஐரோப்பியச் செடியில் இன்னொரு விசேஷம்: அது மூன்று மடங்கு குரோமோசோம் தொகுதி உடையது, விதை பிடிக்காது. அங்கே இருப்பதெல்லாம் கிழங்கை வெட்டி வெட்டி மனிதர் கொண்டுபோய் நட்டதும், ஆறு அடித்துக்கொண்டு போனதும்தான்.

கிழக்கே சீனத்தில் ஐந்தாம் மாதத் திருவிழாவில் வசம்பு இலையை வாசலில் கட்டுகிறார்கள், தீயது அண்டாதிருக்க. ஜப்பானில் மே 5 அன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வெந்நீரில் இதன் இலையைப் போடுகிறார்கள். அங்கே இதன் பெயர் ஷோபு. வீரத்தைப் போற்றுதல் என்ற சொல்லும் ஒலியில் ஷோபுதான். ஒலி ஒத்துப்போனதால் செடி ஆண்பிள்ளைகளின் திருநாளுக்கு உரியதாயிற்று. ஆக மறுபடியும் பிள்ளை மருந்து, கடல் தாண்டி, நம்மைக் கேட்காமலே.

வட அமெரிக்காவில் இதன் தனி இனம் இயற்கையாகவே இருக்கிறது. கிரீ பழங்குடியினர் கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பாடுவார்கள். தொண்டை கட்டாது என்பது அனுபவம். சரக சம்ஹிதையை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வசா என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கத்தைச் சற்று முன்பு நான் சந்தேகித்தேன். சொல்லாராய்ச்சியில் அந்தச் சந்தேகம் அப்படியே இருக்கட்டும்; ஆனால் குரலுக்கு இது உதவுகிறது என்று இரண்டு கண்டத்தில் இரண்டு கூட்டம் தனித்தனியாகக் கண்டிருக்கிறது.

வசம்பு பேச்சைக் காப்பாற்றியதோ இல்லையோ, எழுத்தைக் காப்பாற்றியிருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துப் பச்சைக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிறார்கள். வசம்பின் பெயர்களை அடுக்கிவைத்த மருத்துவச் சுவடிகளையும் அந்த முடிச்சுதான் காத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெயரால் வந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் போகக்கூடாது. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. 1967இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த எண்ணெயை எலிகளுக்கு நெடுநாள் கொடுத்தபோது குடலில் கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை கலமஸை உணவில் சேர்ப்பதற்குத் தடை போட்டது. எலிகளுக்குக் கொடுத்தது எந்த ஊர் எண்ணெய் தெரியுமா? ஜம்மு வகை, நம் நாட்டு எண்ணெய். அமெரிக்கச் செடியில் பீட்டா அசரோன் கிடையாது. ஆனால் சட்டம் பெயரைப் பார்த்துத்தான் தடை போட்டது. கலமஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் இருந்ததால் கிரீ மக்கள் மென்ற கிழங்கும் அதே தடைக்குள் போயிற்று. அதற்கு அக்கோரஸ் அமெரிக்கானுஸ் என்று தனிப் பெயர் வேண்டும் என்று தாவரவியலார் வாதிடுவது அங்கே வெறும் ஏட்டு விவகாரம் இல்லை.

நம் பக்கம் திரும்பினால், லின்னேயஸ் 1753இல் ஐரோப்பியச் செடியை வல்காரிஸ், சாதாரணமானது என்றும், இந்தியச் செடியை வெருஸ், உண்மையானது என்றும் பிரித்து எழுதினார். அந்த உண்மையான வசம்பில்தான் பெரும்பாலும் பீட்டா அசரோன் மிகுதி. பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரை நம்பி இன்று பச்சைக் குழந்தையின் நாக்கில் வைப்பவர்களைக் குழந்தை மருத்துவர்கள் தடுக்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள். வளையலாகத்தானே கட்டுகிறோம் என்பீர்கள். கையில் கட்டியது அரை நாழிகையில் வாய்க்குப் போய்விடும் என்பது இங்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்கும் வசம்பை அரிசிப் பானையில் போடுங்கள், வண்டு வராது. புத்தக அலமாரியில் வையுங்கள், பூச்சி வராது. குழந்தையின் வாய்க்கு வேண்டாம்.